விசாரணையர் பார்த்த படகுச் சம்பந்தம்

எங்கள் தெருவில் விசாரணையரின் விசாரணைக்குத் தப்பி நடந்த நல்ல காரியம் ஒன்றே ஒன்றுதான். அது என்னுடைய கலியாணம்.

மற்றதெல்லாம் அவர் கை பட்டவை. கலியாணத் தரகு அவர் தொழில். விசாரிப்பது அவர் மூச்சு. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தாலும், அது இருபத்தெட்டு வயதில் எப்படி இருக்கும் என்று தொட்டில் செய்த தச்சனிடம் அன்றைக்கே விசாரிக்கத் தொடங்கிவிடுவார் என்று சொல்வார்கள். வழியில் கண்டு "எப்பிடி மாமா?" என்று கேட்டால் "விசாரிச்சுச் சொல்லுறன்" என்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதை விசாரித்து அறிய ஊரில் இன்னொரு விசாரணையர் இல்லாததால் ஒருவருக்கும் தெரியாது.

கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் அவருக்கு அது சம்பந்தம்தான். ஒருநாள் சந்தையில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று தொலைந்தேன்.

"இது எந்த ஊர்க் கத்தரிக்காய், தம்பி?"

"தோட்டத்துக் காய் ஐயா."

"கூட வந்ததெல்லாம் போயிட்டுதோ?"

"ஓம் ஐயா, எல்லாம் வித்திட்டுது."

"அப்ப இதை மட்டும் ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

கடைக்காரப் பொடியன் கத்தரிக்காயைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கே அதன்மேல் ஒரு சந்தேகம் வந்தது முகத்தில் தெரிந்தது. விசாரணையர் வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

புதிதாகத் திறந்த சலூனில் தலையைக் கொடுக்கமுன் அங்கே முடிவெட்டிய மூன்று பேரின் பின்மண்டைகளை ஒரு கிழமை பின்தொடர்ந்தவர் அவர். அதில் ஒருவர் பொலிசில் முறையிடப் போய், வழியில் மனம் மாறித் தன் தங்கைக்கு வரன் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரின் தெருவிலிருந்துகொண்டு நான் பல்கலைக்கழகத்தில் சுதனைக் கண்டு, நானே பேசி, நானே முடித்தேன். விசாரணையரிடம் மண்ணிற மாட்டுத்தாள் உறை போட்ட நீளக் கொப்பி ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். அவர் முடித்த சம்பந்தம் நீல மையில் இருக்கும். எங்கள் வீட்டுப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரே வரி: "தானாக முடிந்தது." ஏதோ மரண அறிவித்தல் மாதிரி.

கலியாணத்துக்கு வந்தார். வடிவாகச் சாப்பிட்டார். கை கழுவிய ஈரத்தோடு நேரே மணவறைக்கு வந்து என் காதுக்குள் கேட்டார்: "பிள்ளை, தம்பி நல்லவரோ?"

"ஓம் மாமா" என்றேன்.

என் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அம்மாவிடம், "பாயாசம் நல்லம். மாப்பிள்ளையைத்தான் விசாரிச்சிருக்கலாம்" என்றாராம். நாலு வருடமாக அந்த வசனத்தை எங்கள் வீட்டில் பகிடியாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இனி எங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். அது பகிடி இல்லை.

சுதனுக்குக் கட்டாரில் வேலை. மகள் ஆதிக்கு நாலு மாதமாக இருக்கும்போது போனவர், இரண்டு வயதில்தான் திரும்பி வந்து பார்த்தார். லீவு இருபத்தொரு நாள். விமான நிலையத்திலிருந்து விடிய வந்து இறங்கிய மனிசன், பயணப் பையைக்கூடக் கீழே வைக்காமல் "குஞ்சு, அப்பா வந்திட்டன்" என்று இரண்டு கையையும் நீட்டினார். ஆதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. பின்னேரம் நாலரை மணிக்கு, அதாவது கட்டாரில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, தினமும் அவர் வீடியோவில் வருவார். அந்த நேரம் வந்ததும் ஆதி என் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா! அப்பா!" என்று நீட்டினாள்.

"அப்பா இஞ்ச நிக்கிறன் செல்லம்" என்று சுதன் முன்னால் போய்க் குந்தினார்.

வரிசையில் இடைநடுவே புகுந்தவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். தள்ளி நில் என்று கையால் காட்டினாள். போனுக்கு முத்தம் கொடுத்தாள். அப்பா வரவில்லை என்றதும் அழத் தொடங்கினாள், சத்தி எடுக்கும்வரை. சுதன் அரை நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு குசினிக்குள் ஓடிப்போய் அங்கிருந்து கோல் எடுத்தார்.

ஆதி சிரித்தாள். "அப்பாஆ!" மிளகாய்த்தூள் போத்தலுக்கு முன்னால் நின்று அப்பா சிரித்தார். அவர் கண் கலங்கியது மிளகாய்த்தூளால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்படி ஐந்து நாள். குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில் சர்வதேச அழைப்பு. "போனை நிப்பாட்டி வையுங்கோவன்" என்று நீங்கள் சொல்லக்கூடும். போனை நிறுத்தலாம், சுதனை நிறுத்த ஏலாது. ஆதி உதட்டைப் பிதுக்கினாலே மனிசன் குசினியில் நிற்பார்.

அப்போதுதான் எனக்கு மின்னல் வெட்டியது: கடல்! நடுக்கடலில் சிக்னல் இருக்காது. ஒளிந்துகொள்ளக் குசினி இருக்காது. ஆதிக்கு ஓடிப்போக அயல்வீடு இருக்காது. இரண்டு மணித்தியாலம் ஒரு சின்னப் படகுக் குரூஸ்; அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு வழியே இருக்காது.

நான் படித்தவள். பிரதேச செயலகத்தில் பட்டதாரிப் பயிலுனர். எனவே ஒரு எக்செல் விரிதாள் திறந்தேன். படகின் பெயர், நேரம், நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, குழந்தைக்கு அளவான லைஃப் ஜக்கெட் உண்டா என்று பதினான்கு நிரல். இணையத்தில் விமர்சனம் படிக்கத் தொடங்கினேன். எல்லாப் படகுக்கும் ஐந்து நட்சத்திரம். "அருமை" என்று நூறு பேர். எது அருமை என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரேயொரு ஆள் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார், திமிங்கிலம் வரவில்லையாம். திமிங்கிலத்தின் கோபத்தைப் படகோட்டியில் காட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாளும் நான் மடிக்கணினிக்கு முன்னால் இருப்பதைக் கண்டு அம்மா சொன்னார்: "இதைத் தட்டிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு விசாரணையரைக் கேட்டிருக்கலாம்."

"அவர் மாப்பிள்ளை பார்க்கிறவர் அம்மா. படகு இல்லை."

"ரெண்டையும் நம்பித்தானே பிள்ளையை ஏத்திவிடுறது?"

மடிக்கணினியை மூடினேன். போனேன்.

விசாரணையர் கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியில் புதுப் பக்கம் திறந்து, "பொம்பிளைக்கு என்ன வயசு?" என்றார்.

"ரெண்டு."

"படிப்பு?"

"மாமா, கடலுக்குப் போகப் போறது. நர்சரிகூட இன்னும் போகேல்லை."

"படிப்பு: இனித்தான்" என்று எழுதினார். "சுபாவம்?"

"கடிப்பாள்."

"துடியாட்டம்" என்று எழுதினார். தொழில் தெரிந்தவர். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப ஏன் பிள்ளை திடீரெண்டு கடல்?"

"சும்மா மாமா. பொழுதுபோக்கு."

"சும்மா எண்டு ஒருத்தரும் ரெண்டு வயசுப் பிள்ளையைக் கடலுக்குள்ள கொண்டுபோறேல்லை. வீட்டில என்னவும் இருந்தாச் சொல்லு. தரகரிட்ட ஒளிச்சாச் சம்பந்தம் பிழைக்கும்."

நான் சொல்லவில்லை. "தகப்பனைப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை" என்று அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே இன்னொரு வரி விழுந்தால் நான் தெருவில் எப்படி நடப்பது?

அவர் விசாரிக்கத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. லீவு கரைந்துகொண்டிருந்தது. நான் நாள்தோறும் போய்க் கேட்பேன். "விசாரணையில இருக்கு" என்பார், நீதிமன்றம் மாதிரி.

ஆனால் அவர் விசாரிக்கும் முறை இருக்கிறதே, அது ஒரு பல்கலைக்கழகப் பாடமாக இருக்க வேண்டியது. ஒருநாள் என்னையும் உப்புவெளிக் கடற்கரைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரரிடம் கேட்டார்:

"இந்த வேகப் படகு ஓட்டுற பொடியன் எப்பிடி?"

கடைக்காரர் தேத்தண்ணியை ஆற்றினார். இன்னொருதரம் ஆற்றினார். "தங்கமான பொடியன்" என்றார்.

விசாரணையர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கொப்பியில் குறுக்குக் கோடு கீறினார்.

"மாமா, தங்கமான பொடியன் எண்டு சொன்னவரெல்லே!"

"பிள்ளை, எங்கட சனம் ஒரு சம்பந்தத்தைக் கூடாது எண்டு வாயால சொல்லாது. பிழைச்சாப் பாவம் தங்களுக்கு வந்து சேரும் எண்டு பயம். அதால சொல்லுற சொல்லை நான் கேக்கிறேல்லை. சொல்லமுன்னம் எவ்வளவு நேரம் யோசிக்கினம் எண்டுதான் பாக்கிறனான். தேத்தண்ணியை ரெண்டு தரம் ஆத்தினவர். ரெண்டு ஆத்து எண்டா, அந்தப் படகில ஏறினவன் முதுகுக்கு எண்ணெய் பூசவேணும்."

அன்றிரவே என் பதினான்கு நிரல் விரிதாளை அழித்தேன்.

இதில் ஒரு சிக்கல். விசாரணையர் ஒரு ஆளைப் பற்றி விசாரிக்கிறார் என்றால் அது கலியாணம்தான் என்று ஊர் முடிவெடுத்துவிடும். அந்த வேகப் படகுப் பொடியனை முதலிலேயே நேரே போய்ப் பார்த்து, "குடி உண்டோ? கோபம் வருமோ? எத்தனை சகோதரம்?" என்று வேறு கேட்டிருக்கிறார். அடுத்த நாளே அந்தப் பொடியனின் தாயார் எங்கள் வீட்டுக்கு ஒரு தடித்த கடித உறை அனுப்பிவிட்டார். உள்ளே அவனுடைய ஸ்டூடியோப் படம், கறுப்புக் கண்ணாடியோடு, யாருடையதோ காரில் சாய்ந்தபடி. பின்னால் பிறந்த நட்சத்திரம். எங்கள் வீட்டில் கலியாணத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே பெண் ஆதிதான் என்று எப்படி விளங்கப்படுத்துவது? அம்மா அந்தப் படத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அலுமாரிக்குள் வைத்தார். இன்னும் இருக்கிறது. ஆள் வடிவுதான்.

இரண்டாவது வரன் இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் பாட்டு, கீழ்த்தட்டில் சாப்பாடு. "வசதியான இடம், கலகலப்பான ஆக்கள்" என்று விசாரணையருக்கே கொஞ்சம் ஆசை. அவர்களிடம் விளம்பரத் துண்டு வாங்கி, படகைக் கடலில் இறக்கிய நாளையும் நேரத்தையும் அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். சாத்திரியிடம் கொடுத்து ஆதியின் குறிப்போடு பொருத்தம் பார்க்கவாம். சாத்திரி வீட்டு மதிலில் அதை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்திருக்கிறார். எங்கள் நகரத்து மான்களை உங்களுக்குத் தெரியாது. பஸ் தரிப்பிடத்தில் நின்று பயணிகளின் பாக்கை முகர்ந்து பார்க்கும் சாதி. ஒன்று வந்து படகின் சாதகத்தை முழுதாகத் தின்றுவிட்டது.

"மானுக்கு என்ன தெரியும் மாமா? இன்னொண்டு எழுதினாப் போச்சு."

"முப்பது வருசத் தொழிலில என்ர கையில இருந்த குறிப்பை ஒரு மான் தின்னேல்லை" என்றார் கடுமையாக. "இது ஆகாத சம்பந்தம்."

அந்தப் படகு தப்பித்தது. அல்லது நாங்கள் தப்பித்தோம். அடுத்த கிழமை அதன் ஒலிபெருக்கிச் சத்தம் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு யன்னலை அதிரவைத்தபோது, வழியில் கண்ட மானுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தேன்.

லீவில் இன்னும் ஐந்து நாள். சுதன் குசினியில் நின்று மகளோடு கதைத்துக் கதைத்து, பின்னணிக்காக மிளகாய்த்தூள் போத்தலை நகர்த்தி ஒரு பூச்சாடி வைத்திருந்தார். அதைக் கண்ட அன்றைக்கு நான் விசாரணையர் வீட்டு வாசற் படலையில் நின்று, "மாமா, நாளைக்கு எனக்கு ஒரு படகு வேணும், இல்லாட்டி நான் நீந்திப் போறன்" என்று கத்தினேன்.

"கத்தாத. ஆளைக் கூட்டிக்கொண்டு பின்னேரம் வாறன். பொம்பிளையை வெளிக்கிடுத்தி வை."

வந்தவர் கிண்ணியாக் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பாலம் வருவதற்கு முந்திய நாட்களில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிய படகுக்காரர். பாலம் வந்த பிறகு அதே படகுக்கு ஒரு கூரையும் ஆறு கதிரையும் போட்டு, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் காட்டுகிறார். வெள்ளைத் தொப்பியோடு, கையில் ஒரு வத்தகப் பழத்தோடு வந்து கதிரையில் இருந்தார். இருபது நிமிடம் ஒரு சொல் கதைக்கவில்லை.

"மூண்டு துறையில விசாரிச்சனான்" என்று விசாரணையர் என் காதுக்குள் சொன்னார். "எல்லாரும் கேட்ட வாய் மூடமுன்னம் 'ஏறலாம்' எண்டவை. ஒரு செக்கன் யோசிக்கேல்லை. ஒரே குறை, ஆள் கதைக்கமாட்டார்."

"அது குறையோ மாமா?"

"பொம்பிளை நித்திரை கொள்ளுற வயசெல்லே. எனக்கும் அது குறையாத் தெரியேல்லை."

காக்கா பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறிய செம்மஞ்சள் லைஃப் ஜக்கெட்டை எடுத்து ஆதிக்குப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஜக்கெட் மேலே போகவில்லை; ஆதி முழுதாக மேலே போனாள். தலையசைத்தார். ஆதி அதைக் கழற்ற விடவில்லை. அன்றிரவு அதோடுதான் படுத்தாள். காலையில் அதோடுதான் குளித்தாள்.

"பொம்பிளைக்குப் பிடிச்சிட்டுது" என்று விசாரணையர் நீல மைப் பேனையைத் திறந்தார். "நாளைக்கு நானும் வாறன். முதல் நாள் தரகர் கூட நிக்கவேணும், அதுதான் முறை."

மறுநாள் மூன்றரைக்குப் படகு கிளம்பியது. விசாரணையர் வேட்டி, சால்வை, கொப்பியோடு முன் கதிரையில். கடல் தட்டிப்போட்ட பாய்போல் கிடந்தது. கோணமலை பின்னால் போகப் போக, ஆதி கையைத் தட்டினாள், காக்காவின் தொப்பியைப் பிடுங்கினாள், விசுக்கோத்துத் தின்றாள். சுதன் பக்கத்தில் வந்து இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டினாள்.

நாலரை ஆனது. குழந்தைகளுக்கு மணிக்கூடு வேண்டியதில்லை. "அப்பா" என்றாள். என் கைப்பையைக் காட்டினாள்.

நான் வெற்றிப் புன்னகையோடு போனை எடுத்து, "பார் குஞ்சு, சிக்னல் இல்லை" என்று காட்டினேன்.

நாலு கோடு. முழுதாக. எங்கள் வீட்டு விறாந்தையில்கூட நான் கண்டிராத நாலு கோடு. சுற்றிவர மலை, மலைக்கு மலை போன் கோபுரம், நடுவே நாங்கள்.

ஆதி அழுதாள். அந்த அழுகைக்குக் கடற்காகம் திசை மாறிப் பறந்தது. "தாங்குங்கோ, இண்டைக்கு நீங்கள் தாங்கத்தான் வேணும்" என்று நான் சுதனுக்குக் கண்ணைக் காட்டினேன். அரை நிமிடம். வழக்கமான அரை நிமிடம். பிறகு மனிசன் எழுந்துபோய், பின்னால் எஞ்சின் பெட்டிக்குப் பின்னால் குந்தி, தலையில் துவாயைப் போட்டு மூடிக்கொண்டு கோல் எடுத்தார்.

என் போன் அடித்தது. "அப்பாஆ!" என்று ஆதி சிரித்தாள்.

விசாரணையர் போனைப் பார்த்தார். எஞ்சின் பெட்டிக்குப் பின்னால் தெரிந்த துவாயைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"இதென்ன கோதாரி? ஒரே படகில இருந்துகொண்டு ஆளுக்காள் டெலிபோன்?"

இனி ஒளிக்க இடமில்லை. சொன்னேன். மிளகாய்த்தூள் போத்தலிலிருந்து பூச்சாடிவரை எல்லாம். சொல்லி முடிக்கும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. "இன்னும் நாலு நாள்தான் மாமா. இவள் இவரைத் தெரியாமலே அனுப்பிவிடப் போறாள்."

"நான் முதல் நாளே கேட்டனான்! படகோட சம்பந்தம் பேசச் சொல்லிப்போட்டு, தகப்பனோட சம்பந்தத்தை ஒளிச்சனீ! இது தெரிஞ்சிருந்தா எனக்குப் படகே தேவையில்லை." அவருக்கு மூக்கு விடைத்தது. பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டார். தொழிலுக்கு இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

"தம்பி! கோலைக் கட் பண்ணாதேங்கோ. துவாயை எடுங்கோ. நான் சொல்லேக்க மெல்ல மெல்ல வாங்கோ. முதல் படம், பிறகு ஆள். அதுதான் முறை."

கொப்பியைப் புரட்டினார். எங்கள் வீட்டுப் பக்கம். அந்தச் சிவப்பு வரி. அந்தத் தாளைத் திருப்பினார். மறுபக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து, மேலிருந்து கீழ்வரை, ஓரத்திலும் கூட.

ஆதிக்கு முன்னால் குனிந்து, வயதுவந்த பெண்ணிடம் சொல்வதுபோல் மரியாதையாக வாசித்தார்.

"பிள்ளை, படத்தில தெரியிறவரை நான் விசாரிச்சனான். ஊர் இறக்கக்கண்டி. பேர் சுதன். குடி, சிகரெட் இல்லை. ஏழு வயசில பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்காகக் கிணத்துக்குள்ள இறங்கினவர். ஆட்டுக்குட்டி தானா ஏறிவந்திட்டுது. இவரைத்தான் கயிறு போட்டு எடுத்தது."

சுதன் படகின் நடுவில் போனும் கையுமாய் நின்றுவிட்டார். "ஐயா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நிக்காதேங்கோ, வாங்கோ. கலியாணத்துக்கு ஒரு மாசம் முதல் உங்கட ஊருக்கு வந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை, என்ர தெருப் பிள்ளையெல்லே, சும்மா விட ஏலுமோ? எட்டு வீட்டில விசாரிச்சனான். ஒருத்தரும் யோசிக்கேல்லை." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கடைசியா மணவறையில வைச்சு இவளிட்டயும் கேட்டனான். இவளும் யோசிக்கேல்லை. அதுதான் பேசாமப் போனனான். ஒரு பிழை அகப்பட்டிருந்தா, தாலி கட்டமுன்னம் வந்து சொல்லியிருப்பன்."

விசாரணையர் வாசிப்பைத் தொடர்ந்தார். "ஒரு குறை இருக்கு, பிள்ளை. நான் ஒளிக்கமாட்டன். ஆள் தூரத்தில நிப்பார். ஆனா நாள் தவறாமல் நாலரைக்கு வருவார். இப்ப, தம்பி, பக்கத்தில இருங்கோ."

சுதன் ஆதிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டு போனும் ஒன்றையொன்று கேட்டு "கீஈஈ" என்று கிறீச்சிட்டன. ஆதி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. திரையில் அப்பா. அப்பாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் ஜக்கெட் போட்ட ஒரு குழந்தை.

ஆதி குனிந்து தன் ஜக்கெட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்லத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தாள்.

படகின் சத்தம் நின்றது. காக்கா எஞ்சினை நிறுத்தியிருந்தார்.

விசாரணையர் உதட்டுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. சொல்லமுன்னம் எவ்வளவு நேரம் யோசிக்கினம். ஒன்று. இரண்டு. ஆதி கையை நீட்டிச் சுதனின் மூக்கைத் தொட்டாள். போனில் மூக்கு வழுவழுவென்று இருக்கும். இதில் வியர்வை இருந்தது. கையைத் தன் ஜக்கெட்டில் துடைத்தாள். மூன்று. வாயிலிருந்த விசுக்கோத்தின் ஊறிய பாதியை எடுத்து அவர் வாய்க்குள் திணித்தாள்.

"அப்பா" என்றாள். போனைப் பார்த்தல்ல.

சுதன் அந்த விசுக்கோத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழுதார்.

"பொம்பிளைக்குச் சம்மதம்" என்று விசாரணையர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறிவித்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் காக்கா. அந்தப் பயணத்தில் அவர் கதைத்தது அவ்வளவுதான்.

மிச்ச நாலு நாளும் சுதனுக்குக் குளிக்கப் போகக்கூட அனுமதி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்தது. முதல் நாள் அவரைக் கண்டு ஒளிந்த அதே பிள்ளை, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தெரு கேட்க அழுதாள். பொத்தான் அவள் கையோடு வந்தது. வான் போன பிறகு நான் படலையில் நின்று விசாரணையரிடம் கோபித்தேன்.

"இப்பிடி அழுவாள் எண்டு நீங்கள் சொல்லேல்லையே மாமா."

"நல்ல சம்பந்தத்தில இது இருக்கும் பிள்ளை" என்றார். அன்றைக்கு அவர் எதையும் விசாரிக்கவில்லை. ஆதியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

இப்போது நாலரைக்கு அப்பா போனில் வந்தால் ஆதி போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாள், மிச்ச அப்பா எங்கே என்று.

எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்க வேண்டும். எந்தக் கடையில் எந்த நிறத்தில் எது என்று நானும் சுதனும் முந்தாநாளே முடிவெடுத்துவிட்டோம். இருந்தாலும் நாளைக் காலை அவர் வீட்டுப் படலையில் போய் நின்று, "மாமா, ஒண்டும் விளங்கேல்லை, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்கப் போகிறேன்.